நாலாம் நம்பர் மெஷினில் தொடாத எழுத்து

கம்ப்யூட்டர் கீபோர்டில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். விரலை எங்கே வைப்பது, முதுகை எப்படி நிமிர்த்துவது என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, படமும் போட்டிருக்கிறார்கள். அதற்கு நான் எதற்கு? முப்பத்தைந்து வருஷம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில், புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பு. சின்ன மறதிதான். ஆனால் அதில் ஒரு மனிதருடைய உத்தியோகம் மாட்டிக்கொண்டது.

எழுபதுகளின் கடைசி. செட்டிகுளத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை, அதற்கு மேல் மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆறு மெஷின்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். ஒன்றாம் நம்பர் முதலாளியின் சொந்த மெஷின். அதன் உறையைக்கூட அவரைத் தவிர யாரும் தொடமுடியாது. முதலாளியைப் பிரின்சிபால் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறு மெஷினுக்கு ஒரு பிரின்சிபால், என்னைத் தவிர வேறு ஸ்டாஃப் கிடையாது. ஆனாலும் அந்த மனிதரிடம்தான் நான் தொழில் கற்றேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு கிறுக்கு இருந்தது. நடுவரிசை எழுத்துகளை மட்டும் வைத்து என்னென்ன இங்கிலீஷ் சொற்கள் வரும், மேல் வரிசையை மட்டும் வைத்து என்னென்ன வரும் என்று நோட்டு நோட்டாக எழுதுவேன். பக்கத்தில் தமிழில் அர்த்தமும் எழுதுவேன். நடுவரிசைக்கு ஆஸ்க் என்றால் கேள், ஃபால் என்றால் விழு, கிளாஸ் என்றால் கண்ணாடி. மேல் வரிசைக்கு ட்ரீ என்றால் மரம், ரைட் என்றால் எழுது, கொயட் என்றால் அமைதி. அர்த்தம் தெரிந்து அடித்தால் சொல் விரலில் தங்கும் என்பது என் கட்சி. பிரின்சிபாலுக்கு அது பிடிக்காது.

“விரலுக்கு எதுக்குய்யா அர்த்தம்? அர்த்தம் பார்த்தா ஸ்பீடு வராது” என்பார்.

நடுவரிசையிலேயே சாலட் என்று ஒரு சொல் வரும். இன்ஸ்டிட்யூட்டில் ஒருவரும் அதைத் தின்றதில்லை, நானும் தின்றதில்லை. துணிந்து வெங்காயப் பச்சடி என்று எழுதிவைத்தேன். ஒரு தலைமுறையே அப்படித்தான் படித்துப் போனது. யாருக்கும் கெடுதல் வரவில்லை.

பழனிமுத்து வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். தாலுகா ஆபீசில் பியூன். முப்பத்தெட்டு வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஊர் அரும்பாவூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் இவர். ஆபீசில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியாகப் போகிறது, இங்கிலீஷ் டைப்பிங்கில் லோயர் பரீட்சை பாஸ் பண்ணினால் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று தாசில்தார் சொல்லியிருந்தார். அடுத்த பரீட்சையிலேயே பாஸ் பண்ண வேண்டும். அதை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை டீ வாங்கிவர வேண்டியதுதான்.

காலை ஆறு மணி வகுப்புக்கு அவர்தான் முதல் ஆள். நாலாம் நம்பர் மெஷினைக் கொடுத்தேன். முதல் நாள் நின்றுகொண்டே விசையைத் தட்ட ஆரம்பித்தார்.

“உட்காருங்க” என்றேன்.

“பரவாயில்லீங்க சார்.”

“நின்னுக்கிட்டு அடிக்க முடியாதுங்க.”

உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில். மறுநாளும் அப்படியே நின்றார். எட்டு மாதம் வந்தார், எட்டு மாதமும் தினம் காலையில் நான் ஒருமுறை “உட்காருங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம் நின்றே வேலை பார்த்த கால். எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது, பிறகு சிரிப்பு போய்விட்டது.

நாலு மாதத்தில் மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது. மேல் வரிசையின் கடைசியில் ஒற்றை எழுத்து பாக்கி, ‘P’. வலதுகைச் சுண்டுவிரலால் அடிக்க வேண்டியது. அதைச் சொல்லிக்கொடுக்க இருந்த வாரம் பார்த்து நாலாம் நம்பரில் அந்த எழுத்தின் கம்பி கெட்டுப்போனது. அடித்தால் எழுந்து நின்றுகொள்ளும், திரும்ப விழாது. மெஷினைப் பழுது பார்ப்பவர் திருச்சியிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிரின்சிபால், “அதுவரைக்கும் சமாளி” என்று சொல்லிவிட்டார்.

நான் பழனிமுத்துவிடம், “அந்த எழுத்தைத் தொடாதீங்க, கம்பி உடைஞ்சிடும்” என்றேன். தலையாட்டினார்.

சமாளிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த எழுத்தே வராத சொற்களாகப் பொறுக்கி, அர்த்தத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டு எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு அவர் அடித்தார். ஸ்பீடு ஏறியது. மெஷினும் பிழைத்தது, ஆளும் தேறுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதத்தில் திருச்சிக்காரர் வந்து புதுக் கம்பி போட்டுவிட்டுப் போனார். நாலாம் நம்பர் சரியாகிவிட்டது. ஆனால் நல்ல ஸ்பீடு வருகிறதே என்று அதே நோட்டைத் தொடரவிட்டேன். இன்னும் சரியாகச் சொன்னால், மறந்துவிட்டேன். ஆறு மெஷின், நாற்பது பேர், யாராவது ஒருவர் ரிப்பனைக் கிழித்துக்கொண்டே இருப்பார். இதெல்லாம் சாக்கு. மறந்துவிட்டேன்.

பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. இரண்டாம் தாளில் கடிதம் அடிக்க வேண்டும். அன்று காலை பழனிமுத்துவை முதல் கடிதம் அடிக்கச் சொன்னேன். புத்தகத்தில் இருக்கும் லண்டன் கம்பெனி முகவரி எல்லாம் எதற்கு, சொந்தப் பெயரையும் ஆபீஸ் முகவரியையும் போடுங்கள் என்றேன். அனுப்புநர் என்பதற்கான சொல்லை ஒரே வீச்சில் அடித்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும் விசைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. முகம் என்னைப் பார்க்கிறது.

“என்னங்க?”

“தொடலாமுங்களா சார்?”

எனக்குப் புரியவே இல்லை. பக்கத்தில் போய் விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தபோதுதான் விளங்கியது. பழனிமுத்து என்ற பெயர் அந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது. பெரம்பலூர் அந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது. எட்டு மாதம் என்னிடம் படித்த மனிதரால் தன் பெயரை அடிக்க முடியவில்லை, ஊரை அடிக்க முடியவில்லை, டைப்ரைட்டர் என்ற சொல்லைக்கூட அடிக்க முடியாது.

“மெஷின் சரியாகி ரெண்டு மாசமாச்சேங்க. நீங்க பாட்டுக்கு அடிச்சிருக்கலாமே?”

“நீங்க தொடாதீங்கன்னு சொன்னீங்கல்ல சார். தொடலாம்னு சொல்லவே இல்லீங்களே.”

அதில் குத்தல் இல்லை, புகார் இல்லை. உள்ளதைச் சொன்னார். தொடாதே என்ற சொல்லை அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பார்! அந்த வரிசையில் நானும் ஒருவனாகப் போய் நின்றுவிட்டேன் என்பது அன்று முழுக்க என்னை அரித்தது. அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விரல் போய், சுட்டுக்கொண்டதுபோலத் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டிருந்த மற்ற ஒன்பது விரலும் அதோடு சேர்ந்து நின்றன. பரீட்சைத் தாளில் வரிக்கு வரி வரும் எழுத்து அது. இப்படி அடித்தால் பாதித் தாளைக்கூட முடிக்க முடியாது.

மத்தியானம் பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“அவர்கிட்ட தப்பு உன்னுதுன்னு சொல்லிடாதே. வாத்தியார்மேல நம்பிக்கை போயிட்டா விரல் இன்னும் நடுங்கும். பரீட்சைக்கு இதுதான் கடைசிப் பாடம், இப்பதான் சொல்லிக்குடுக்கணும்னு சொல்லிடு. பேசாம சொல்லிக்குடு.”

அனுபவஸ்தர் பேச்சு. அதில் நியாயமும் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வரும், அன்றைக்கு யாராவது பெரியவர் இதே யோசனையைச் சொல்வார். நான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். பொய் சொன்னால் என் மானம் தப்பும். ஆனால் தன் விரல் ஏன் நடுங்குகிறது என்று தெரியாவிட்டால் அந்த மனிதர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். நமக்கெல்லாம் இது வராது என்று முடிவுகட்டிவிடுவார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை சொல்லிவிட்டேன். “தப்பு என்னுதுங்க. தொடலாம்னு சொல்ல மறந்துட்டேன். உங்க விரல்ல ஒரு கோளாறும் இல்லை.”

அவர் தன் சுண்டுவிரலைப் பார்த்தார். “ரெண்டு மாசமாங்க சார்?”

“ஆமாங்க.”

மெஷினுக்கு உறையைப் போட்டார். “வரேங்க சார்” என்று மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மத்தியானம் நானே தாலுகா ஆபீசுக்குப் போனேன். தாசில்தார் அறை வாசலில் பியூனுக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் தண்ணீர்ப் பானை இருந்தது. பானைக்குப் பக்கத்தில் பழனிமுத்து நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஹெட்கிளார்க் குரல் வந்தது.

“ஏய் பழனி, டீ வாங்கச் சொன்னா டீத்தூள் வெளையிற மலைக்கே போயிட்டியா?”

ஓடினார். ஓடும்போதே என்னிடம், “வேலையா இருக்கேங்க சார், நாளைக்கு வரேன்” என்றார். அவர் சட்டைப்பையில் மடித்த காகிதமும் ஒரு துண்டுப் பென்சிலும் இருந்தன. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வந்தால் கொடுக்கலாம் என்று அன்றிரவே அந்த எழுத்து வரும் சொற்களாக ஒரு பட்டியல் எழுதினேன். பாரடைஸ் என்றால் சொர்க்கம், பீகாக் என்றால் மயில், ப்ளெஷர் என்றால் இன்பம் என்று வாத்தியார்த்தனமாக நாலு பக்கம்.

சொன்னபடி மறுநாள் ஆறு மணிக்கு வந்து நின்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பழைய சர்க்குலரின் பின்பக்கம். இரண்டு நாளாக ஆபீசில் போர்டு, ஃபைல் அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் அந்த எழுத்து வரும் சொல்லாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். நூறுக்கு மேல் இருக்கும்.

“ஆபீசே இந்த எழுத்துலதான் ஓடுதுங்க சார். இத்தனை நாளா தெரியல.”

என்னைப்போலவே பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தார். அகராதி எதையும் பார்த்து எழுதிய அர்த்தம் இல்லை. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டிஷன் என்பதற்கு, ‘மடிச்சு மடிச்சு வேர்வையில் நனைஞ்சு வரும் காகிதம்’. பெண்டிங், ‘மேசையை விட்டு எழுந்திரிக்காதது’. ரிப்போர்ட், ‘போகாத ஊரைப் பார்த்ததாக எழுதுவது’. பெர்மிஷன், ‘கதவுக்கு வெளியே நிற்பது’. ப்ராம்ப்ட், ‘கலெக்டர் வருகிற அன்று’. பென்ஷன், ‘வீட்டில் சோறு’. பியூன், ‘கூப்பிடுவதற்கு முன்னால் வருகிறவன்’.

ப்ரமோஷன் என்ற சொல்லுக்கு எதிரில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

“இது ஏன் சும்மா இருக்கு?”

“அதுக்கு அர்த்தம் இன்னும் தெரியலீங்க சார். தெரிஞ்சப்புறம் எழுதிக்கலாம்.”

பிரின்சிபால் என் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். ‘ரிப்போர்ட்’டுக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். விரலுக்கு எதுக்குய்யா அர்த்தம் என்ற மனிதர், நேராகப் போய் ஒன்றாம் நம்பரின் உறையை எடுத்தார்.

“இவரை இதுல உக்காரச் சொல்லு. அந்த நாலாம் நம்பர்ல விரல் பழைய பயத்துலயே இருக்கும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்று நினைத்தாலும் நிறைகிறது.

என் பட்டியலையும் அடிக்க வைத்துப் பார்த்தேன். பீகாக்கில் விரல் தடுக்கியது. மயிலை அவர் அரும்பாவூர்க் காட்டில் நூறு தடவை பார்த்திருப்பார், பீகாக்கை ஒருதடவையும் பார்த்ததில்லை. பெட்டிஷனில் தடுக்கவில்லை. பதினைந்து வருஷம் கையில் தூக்கிச் சுமந்த சொற்கள் அவை. என் நாலு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மீதி நாள் முழுக்க அவருடைய காகிதம்தான் பாடப்புத்தகம். காலையில் ஒரு மணி நேரம், ஆபீஸ் விட்டதும் ஒரு மணி நேரம். முதல் வாரம் விரல் நடுங்கியது, இரண்டாவது வாரம் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், நான் “உட்காருங்க” சொல்லி முடிப்பதற்குள் பெரம்பலூர் என்று நின்றபடியே அடித்துக் காட்டினார்.

பரீட்சை அரியலூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். அந்தக் காலத்தில் பரீட்சைக்கு மெஷினையும் நாமே கொண்டுபோக வேண்டும். வைக்கோல் மெத்தை போட்டு, சாக்கு சுற்றி, எங்கள் மெஷின்களை வேனில் ஏற்றினோம். ஒன்றாம் நம்பரை மட்டும் பழனிமுத்து ஏற்றவிடவில்லை. பிரின்சிபால் யாருக்கும் கொடுக்காத மெஷின், குலுங்கி ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்னண்ணே பெட்டி, ஆர்மோனியமா?”

“இல்லீங்க, உத்தியோகம்” என்றார் பழனிமுத்து.

பரீட்சை நடக்கும்போது வாத்தியார்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மணி அடித்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. தன் மாணவன் சத்தத்தைத் தனியாகக் கண்டுபிடிப்பேன் என்று சில வாத்தியார்கள் பீற்றிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பரீட்சை முடியும்வரை நான் கேட்டை விட்டு நகரவில்லை. அந்த டைப்பிஸ்ட் வேலை போனால் பழனிமுத்துவுக்குப் போகும், காரணம் நான்.

வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணலீங்க சார். வந்தப்பல்லாம் தொட்டேன்.”

அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாஸா ஃபெயிலா என்று தெரியாமலே சந்தோஷமாக இருந்தது.

பாஸ்தான். ரிசல்ட் வந்த அன்று பிரின்சிபால் சைக்கிள் கடைக்காரருக்கும் சேர்த்து மிக்சர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடமாவது எதையாவது தொடாதே, செய்யாதே என்று சொன்னால், அதை ஒரு சீட்டில் எழுதி அந்த மெஷினிலேயே ஒட்டிவிடுவேன். சரியானதும் அந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே சீட்டைக் கிழிக்கச் சொல்வேன். உங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழனிமுத்து இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். டைப்பிஸ்ட் வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் யாருக்கோ ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தேன். “வாங்க வாங்க” என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் உட்காரச் சொல்லத் திரும்பினேன். அவர் நாலாம் நம்பருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பழைய சர்க்குலர் காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. “ஒண்ணு பாக்கி இருந்துச்சுல்லங்க சார், எழுதிட்டேன்” என்றார்.

ப்ரமோஷன் என்பதற்கு எதிரில், பேனாவால், புது மையில் எழுதியிருந்தார்:

‘உட்காருவது.’